வெல்டிங் வெளிச்சமும் நள்ளிரவு வலியும்: புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்புச் செல்களை எப்படிச் சாகடிக்கிறது?

வெல்டிங் நடக்கும் இடத்தில் முகக்கவசம் இல்லாமல் சிறிது நேரம் நின்றுவிட்டு வீடு திரும்புபவருக்கு அன்று மாலை வரை பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. சாப்பிட்டுப் படுத்த பிறகு, வெளிச்சத்தைப் பார்த்ததிலிருந்து ஏறத்தாழ 6 முதல் 12 மணி நேரம் கழித்து, இரண்டு கண்களிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தத் தொடங்குகிறது, கண்ணீர் கொட்டுகிறது, இமை தானாக இறுக மூடிக்கொள்கிறது, அறை விளக்கின் வெளிச்சத்தைக்கூடத் தாங்க முடியாத அளவுக்கு வலி ஏறுகிறது. மருத்துவர்கள் இதை ஃபோட்டோகெரடைடிஸ் என்கிறார்கள். இமயமலையின் பனிப்பரப்பில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நடந்தவர்களுக்கு வரும் பனிக்குருடும் இதே நோய்தான். கதிர் வந்த இடம் மட்டுமே வேறு.

இந்த நோயில் முதலில் கவனிக்க வேண்டியது வலியைவிட அந்த வலி வரும் நேரம். கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்ட விரல் அந்த நொடியே சுடுகிறது. கண்ணோ பல மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகுதான் கதறுகிறது. கதிர் அங்குள்ள செல்களைச் சுட்டுப் பொசுக்கியிருந்தால் இப்படிப்பட்ட தாமதத்துக்கு இடமில்லை. உண்மையில், கதிர் பட்ட செல்கள் தங்களுக்குள் இருக்கும் ஓர் இறப்புத் திட்டத்தை முடுக்கிவிட்டு, அதைப் படிப்படியாக நிறைவேற்றிச் சாகின்றன. நாம் வலியில்லாமல் கழிக்கும் அந்த மணி நேரங்கள், அந்தத் திட்டம் நடந்து முடிய எடுத்துக்கொள்ளும் காலமே ஆகும்.

கதிர் முதலில் விழும் இடம் கார்னியா. கண்ணின் நடுவில் கருமையாகத் தெரியும் வட்டத்துக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் படலம் இது. நடுப்பகுதியில் இதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதிலும் மேற்புறத்தில் இருக்கும் எபிதீலியம் என்ற செல் அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். அந்த மெல்லிய இடத்துக்குள் 5 முதல் 7 வரிசைச் செல்கள் இருக்கின்றன: அடியில் நிமிர்ந்து நிற்கும் அடித்தளச் செல்கள், அவற்றுக்கு மேல் இடைநிலைச் செல்கள், எல்லாவற்றுக்கும் மேலே தட்டையான மேற்பரப்புச் செல்கள். அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலேறி, தட்டையாகி, இறுதியில் கண்ணீரில் உதிர்ந்துவிடுகிறது. இவ்வாறு முழு எபிதீலியமும் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே இறப்பு என்பது இந்தச் செல்களுக்குப் புதிய நிகழ்வல்ல. நலமான கண்ணிலும் அவை தினமும் செத்து உதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. புற ஊதாக் கதிர் செய்வது, இயல்பாக நடக்கும் அந்த உதிர்வைப் பன்மடங்கு வேகப்படுத்தி, மிகப் பல செல்களை ஒரே இரவில் தள்ளிவிடுவது.

புற ஊதாக் கதிரை அதன் அலைநீளத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிப்பது வழக்கம். 315 முதல் 400 நானோமீட்டர் வரை ஏ வகை, 280 முதல் 315 வரை பி வகை, 100 முதல் 280 வரை சி வகை. அலைநீளம் குறையக் குறைய ஒவ்வோர் ஒளித்துகளும் சுமக்கும் ஆற்றல் கூடும். பச்சை நிற ஒளியின் ஒரு துகளைவிட 270 நானோமீட்டர் கதிரின் ஒரு துகளுக்கு ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் உண்டு. வேதிப் பிணைப்புகளைக் குலைத்து மாற்றுவதற்கு அது போதுமானது. சூரியனிலிருந்து வரும் சி வகைக் கதிர் முழுவதையும், பி வகையில் பெரும்பகுதியையும் வளிமண்டலத்தின் ஓசோன் தடுத்துவிடுகிறது. எஞ்சியதில் 300 நானோமீட்டருக்குக் குறைவானது கண்ணில் பட்டால், அதில் பெரும்பங்கைக் கார்னியாவே உறிஞ்சிக்கொண்டு, உள்ளே இருக்கும் லென்சையும் விழித்திரையையும் காப்பாற்றிவிடுகிறது. அந்தக் காவலுக்கான விலையை எபிதீலியம் தன் செல்களால் கொடுக்கிறது.

வெல்டிங் தீப்பொறியைப் பொறுத்தவரை ஓசோன் என்ற திரையே இல்லை. வெல்டிங் கம்பிக்கும் உலோகத்துக்கும் இடையே எரியும் மின்வில் மூன்று வகைக் கதிர்களையும் உமிழ்கிறது. அதற்கும் கண்ணுக்கும் இடையில் இருப்பது சில அடி காற்று மட்டுமே. கிருமி நீக்கத்துக்குப் பயன்படும் பாதரச விளக்குகளின் நிலையும் இதுதான். அவற்றின் முக்கியமான கதிர் 254 நானோமீட்டரில் இருக்கிறது. கொரோனா காலத்தில் இந்த விளக்குகளை வாங்கி வீட்டிலும் அலுவலகத்திலும் எரியவிட்டு, அதே அறையில் இருந்ததால் ஃபோட்டோகெரடைடிஸ் வந்த 7 பேரைப் பற்றி, அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள பாஸ்கம் பாமர் கண் மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர்கள் 2020இல் எழுதியிருக்கிறார்கள். பனிப்பரப்பில் காரணம் வேறு: புதிதாக விழுந்த பனி, தன் மீது படும் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக்கூடியது, புல்தரையோ மண்ணோ 10 விழுக்காட்டைக்கூடத் திருப்புவதில்லை. சமவெளியில் தலைக்கு மேலிருந்து வரும் வெயிலைப் புருவமும் இமையும் மறைத்துவிடுகின்றன. கீழிருந்து எழும் கதிரை மறைக்க நம் முகத்தில் எதுவும் இல்லை.

கதிரின் பங்கை அறிவியல் நிறுவியது ஒரே நாளில் நடந்ததல்ல. பனியிலும் மின்வில்லிலும் கண்ணைத் தாக்குவது வெப்பமன்று, புற ஊதாப் பகுதியே என்பதை ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் யோஹான் விட்மார்க் 1889இல் சோதனைகள் மூலம் காட்டினார். எந்த அலைநீளம் மிகுதியாகப் பாதிக்கிறது என்று 1946இல் டேவிட் கோகனும் எவரெட் கின்சியும் அளந்து 288 நானோமீட்டர் என்றனர்; பின்னர் வந்த நுட்பமான அளவீடுகள் அதை 270க்கு அருகே நகர்த்தின. அந்த அலைநீளத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 மில்லிஜூல் ஆற்றல் விழுந்தாலே கார்னியாவில் மாற்றம் தெரியத் தொடங்குகிறது. 310 நானோமீட்டருக்குப் போனால் அதே விளைவுக்குப் பல பத்து மடங்கு கூடுதல் ஆற்றல் வேண்டும். ஒரே நாளில் விட்டுவிட்டுப் பார்த்த சிறு சிறு அளவுகளும் ஒன்றுகூடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘ஒரு நொடிதானே பார்த்தேன்’ என்று சொல்பவர் பல முறை ஒரு நொடி பார்த்திருப்பார்.

இனி செல்லுக்குள் நடப்பதைப் பார்ப்போம். டி.என்.ஏ. மிக நன்றாக உறிஞ்சும் கதிர் 260 நானோமீட்டரை ஒட்டியது. புரதங்களில் உள்ள சில அமினோ அமிலங்களுக்கு அது 280 அளவில் இருக்கிறது. கார்னியாவை மிகுதியாகப் பாதிக்கும் 270 இவ்விரண்டுக்கும் இடையில் விழுவதால், கதிர் இவை இரண்டையுமே தாக்குகிறது என்று புரிந்துகொள்ளலாம். டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின் மூலக்கூறுகள் கதிரை உறிஞ்சியதும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. இழை அந்த இடத்தில் வளைந்துவிடுவதால், அதைப் படித்துப் படியெடுக்கும் நொதிகள் அங்கே தடுமாறி நிற்கின்றன. சில இடங்களில் மட்டும் இப்படி நேர்ந்தால், செல்லின் பழுதுபார்ப்பு நொதிகள் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பிவிடும். சேதம் அதைத் தாண்டிப் போனால், பி53 என்ற புரதம் செல்லுக்குள் குவிந்து, செல் பிரிவதை நிறுத்தி, தேவைப்பட்டால் இறப்பு ஆணையையும் தொடங்கிவைக்கிறது.

அந்த இறப்புக்கு அபாப்டோசிஸ் என்று 1972இல் கெர், வைலி, கரி ஆகிய மூவர் பெயரிட்டனர். காயத்தால் சாகும் செல் ஊதி வெடித்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டி, சுற்றியுள்ள திசுவில் அழற்சியைத் தூண்டும். அபாப்டோசிஸில் நடப்பது இதற்கு நேர்மாறானது. செல் சுருங்குகிறது, அண்டைச் செல்களுடன் இருந்த பிடியை விடுகிறது, உட்கருவிலுள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ 180 அலகுகளும் அதன் மடங்குகளும் கொண்ட துண்டுகளாக நறுக்கப்படுகிறது. இறுதியில் செல் சவ்வால் மூடப்பட்ட சிறு சிறு உருண்டைகளாகப் பிரிகிறது. இந்த வெட்டும் வேலையைச் செய்வன காஸ்பேஸ் என்ற நொதிகள். இவை எல்லாச் செல்களிலும் செயலற்ற வடிவில் முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. காஸ்பேஸ் 8, 9 போன்ற தொடக்க நொதிகள் விழித்துக்கொண்டால் காஸ்பேஸ் 3ஐ வெட்டி இயக்குகின்றன. காஸ்பேஸ் 3 செல்லின் நூற்றுக்கணக்கான புரதங்களை வெட்டத் தொடங்கிவிட்டால் செல் திரும்பி வருவது அரிது. கதிரின் அளவு மிக அதிகமாக இருந்தால் இந்த ஒழுங்கெல்லாம் குலைந்து செல்கள் நேரடியாகவே சிதைந்துபோகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டி.என்.ஏ. சேதமும் பி53உம் மட்டும்தான் காரணம் என்றால் கதை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் கார்னியாச் செல்களில் அதற்கு முன்பே, கதிர் பட்ட சில நிமிடங்களுக்குள்ளேயே, செல் சவ்வில் ஒரு மாற்றம் தெரிகிறது. என் கணிப்பில் இந்த விஷயத்தில் மிகச் சுவையான பகுதி இதுதான். தொடக்க நிலை நூல்களில் பெரும்பாலும் இது விடுபட்டுப்போகிறது.

உயிருள்ள ஒவ்வொரு செல்லும் தனக்குள் பொட்டாசியத்தைச் செறிவாகச் சேர்த்து வைத்திருக்கிறது. செல்லுக்குள் ஒரு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே இரத்தத்தில் 4 அல்லது 5 மில்லிமோல் என்ற அளவில் இந்த வேறுபாடு இருக்கும். சவ்விலுள்ள இறைப்புப் புரதம் ஒன்று, மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுப்பதன் மூலம், ஓயாமல் ஆற்றலைச் செலவிட்டு இந்த வேறுபாட்டைக் காக்கிறது. அதே சவ்வில் பொட்டாசியம் மட்டும் வெளியேறக்கூடிய வாயில்களும் உண்டு. அவை தேவைக்கு ஏற்பத் திறந்து மூடும். புற ஊதாக் கதிர் படும்போது இந்த வாயில்கள் அளவுக்கு மீறித் திறந்துவிடுகின்றன. உள்ளே செறிந்திருக்கும் பொட்டாசியம் வெளியே பாய்கிறது. அதனுடன் குளோரைடும், அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேற, செல் சுருங்குகிறது. அபாப்டோசிஸின் முதல் அடையாளமாக நுண்ணோக்கியில் தெரியும் சுருக்கம் இப்படித்தான் உண்டாகிறது.

பொட்டாசியம் குறைவதால் செல் சுருங்குவதோடு நின்றுவிடுவதில்லை. இயல்பான செறிவில் இருக்கும் பொட்டாசியம் காஸ்பேஸ் நொதிகள் விழித்துக்கொள்வதையும், டி.என்.ஏ.வை நறுக்கும் நொதிகள் வேலை தொடங்குவதையும் அடக்கி வைத்திருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் சைட்டோகுரோம் சி என்ற புரதம், வேறு சில புரதங்களைக் கூட்டிச் சேர்த்துக் காஸ்பேஸ் 9ஐ இயக்குவதற்கான அமைப்பைக் கட்ட வேண்டும். பொட்டாசியம் நிறைந்திருக்கும்வரை அந்தக் கட்டுமானம் சரியாக நடப்பதில்லை. பொட்டாசியம் வெளியேறியதும் அந்தத் தடை விலகுகிறது. மறுபுறம், செல் சவ்வில் இருக்கும் இறப்பு ஏற்பிகள், தங்களைத் தூண்ட வேண்டிய வேதிச்செய்தி எதுவும் வராமலேயே, கதிரின் விளைவால் ஒன்றுகூடிக் காஸ்பேஸ் 8ஐ எழுப்பிவிடுகின்றன. இரண்டு வழிகளும் கடைசியில் காஸ்பேஸ் 3இல் வந்து சேர்கின்றன.

இந்தப் பொட்டாசியம் வழியை அமெரிக்காவில் லுவோ லு என்ற ஆய்வாளரின் குழு 2003இல் கார்னியா எபிதீலியச் செல்களில் காட்டியது. பின்னர் மிச்சிகன் மாநிலத்துக் கால்வின் கல்லூரியில் ஜான் உபெல்ஸ் தலைமையிலான குழு அதை மேலும் தொடர்ந்தது. கடல் சாமந்தி என்ற கடல்வாழ் விலங்கு ஒன்றின் நச்சிலிருந்து கிடைக்கும் சிறு புரதத்தால் குறிப்பிட்ட பொட்டாசியம் வாயிலை அடைத்தபோது, கதிர் பட்ட செல்களில் இறப்பின் அடையாளங்கள் குறைந்தன. ஒரே ஒரு வாயிலை மூடியதும் செல்லின் தலைவிதி மாறுகிறது என்றால், கதிருக்கும் இறப்புக்கும் இடையே பொட்டாசியம் வெறும் பார்வையாளராக இருக்க முடியாது என்றே கொள்ள வேண்டும்.

உபெல்ஸ் குழு கேட்ட அடுத்த கேள்வி கண்ணீரைப் பற்றியது. கண்ணீரில் உள்ள பொட்டாசியம் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு லிட்டருக்குச் சுமார் 20 முதல் 25 மில்லிமோல் வரை இருக்கும். கண்ணீர்ச் சுரப்பி ஏன் வேலை மெனக்கெட்டு இவ்வளவு பொட்டாசியத்தைச் சேர்க்கிறது? மனிதக் கார்னியாச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, பி வகைக் கதிரைப் பாய்ச்சி, வெவ்வேறு பொட்டாசிய அளவுகள் கொண்ட திரவங்களில் வைத்துப் பார்த்தபோது, வெளியே பொட்டாசியம் கூடக் கூடக் காஸ்பேஸ்களின் இயக்கம் குறைவதை 2009இல் அவர்கள் காட்டினர். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு குறையும்போது பொட்டாசியம் வெளியே ஓடும் வேகமும் குறைகிறது. எனவே வாயில் திறந்திருந்தாலும் செல் தன் இருப்பை எளிதில் இழப்பதில்லை. அன்றாட வெயிலில் இருக்கும் பி வகைக் கதிரிலிருந்து கண்ணீர் நம்மைக் காக்கும் வழிகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்பது அவர்களது கருத்து. தட்டில் வளர்த்த செல்களில் கண்டது முழுக் கண்ணுக்கும் அப்படியே பொருந்தும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை; ஆயினும் கண்ணீரின் விசித்திரமான உப்புக் கணக்குக்கு இது பொருத்தமான விளக்கமாகத் தெரிகிறது. மின்வில்லின் கதிர் அளவுக்கு முன்னால் இந்தப் பாதுகாப்பு போதாது என்பதை மட்டும் பட்டறைகள் தினமும் நிரூபிக்கின்றன.

இப்போது நள்ளிரவு வலிக்கு வரலாம். காஸ்பேஸ்கள் தம் வேலையைத் தொடங்கிச் சில மணி நேரம் கழிந்ததும், மேல் வரிசைச் செல்கள் அண்டைச் செல்களின் பிடியிலிருந்து நழுவிக் கண்ணீரில் உதிர்கின்றன. கார்னியா, உடலிலேயே நரம்பு முனைகள் மிகச் செறிந்த இடங்களில் ஒன்று. தோலைவிட இங்கே அவை பல நூறு மடங்கு அடர்த்தியாக இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவை எபிதீலியச் செல்களுக்கு இடையிலேயே மேல்நோக்கி ஊடுருவி நிற்கின்றன. மேலே மூடியிருந்த செல்கள் போனதும், அந்த முனைகள் காற்றுக்கும் இமையின் உராய்வுக்கும் நேராக வெளிப்படுகின்றன. ஒவ்வொரு முறை கண்சிமிட்டும்போதும் வலி குத்துவது இதனால்தான். மருத்துவர் ஃபுளோரசீன் என்ற மஞ்சள் சாயத்தைக் கண்ணில் விட்டு நீல ஒளியில் பார்த்தால், செல்கள் உதிர்ந்த இடங்கள் மட்டும் பச்சைப் புள்ளிகளாக ஒளிர்கின்றன. பாதிப்பு கடுமையாக இருந்தால் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து திட்டுகளாகின்றன.

ஆறுவதும் வேகமாகவே நடக்கிறது. விளிம்பிலுள்ள நலமான செல்கள் சறுக்கி வந்து வெற்றிடத்தை மூடுகின்றன. அடித்தளச் செல்கள் பிரிந்து எண்ணிக்கையை ஈடுசெய்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் வலி நீங்கிவிடும். எபிதீலியத்துக்குக் கீழே இருக்கும் போமன் அடுக்கு பொதுவாகக் காயப்படுவதில்லை என்பதால் தழும்பு விழுவதில்லை, பார்வையும் முன்போலவே தெளிவாகிறது.

இந்த ஓரிரு நாட்களில் செய்யக்கூடாதவை சில உண்டு. மருத்துவர் பரிசோதனைக்காக ஒரு முறை விடும் மரத்துப்போகும் சொட்டுமருந்து வலியை நொடியில் நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, அதையே மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் திரும்பத் திரும்ப விட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்து எபிதீலியச் செல்கள் நகர்வதையும் பிரிவதையும் தடுக்கிறது. இரண்டு நாளில் ஆறியிருக்க வேண்டிய கண்ணில் ஆறாத புண்ணை அது உண்டாக்கிவிடலாம். கண்ணில் தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது போன்ற கைவைத்தியங்களும், தோல் உரிந்த நிலையில் இருக்கும் கார்னியாவில் கிருமிகளை நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகளே. கான்டாக்ட் லென்சைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கசக்காமல், இருட்டறையில் ஓய்வெடுத்து, மருத்துவர் தரும் செயற்கைக் கண்ணீரையும் களிம்பையும் வலி மாத்திரையையும் பயன்படுத்தினால் போதும். ஒரு கண்ணில் மட்டும் வலி இருந்தாலோ, அரைவை இயந்திரத்தில் வேலை செய்யும்போது சட்டென்று குத்தியிருந்தாலோ, அது கதிரின் வேலையல்ல, கண்ணுக்குள் இரும்புத் துகள் புகுந்திருக்கலாம். தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டவேண்டிய நிலை அது.

தடுப்பதைப் பொறுத்தவரை, கண்ணாடியின் கறுப்பு நிறத்தை நம்புவதில் பயனில்லை. கறுப்பு நிறம் குறைப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை. புற ஊதாக் கதிரைத் தடுப்பது கண்ணாடிப் பொருளின் தன்மை. நிறமே இல்லாத பாலிகார்பனேட் கண்ணாடி கிட்டத்தட்ட எல்லாப் புற ஊதாக் கதிரையும் தடுத்துவிடும். வெல்டர் மின்வில்லை நேராகப் பார்க்க வேண்டியிருப்பதால் அவருக்கு அடர்த்தியான வடிகண்ணாடி பொருத்திய முகக்கவசம் தேவை. பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளருக்கும் அந்த வழியே போகிறவருக்கும் பக்கவாட்டு மறைப்புடன் கூடிய பாலிகார்பனேட் கண்ணாடி பெரும் பாதுகாப்பு. பாதிக்கப்பட்டு வருபவர்களில் பலர் வெல்டர்களாக இல்லாமல் அருகில் நின்றவர்களாக இருப்பதற்குக் காரணம், வெல்டரின் முகத்தில் கவசம் இருக்கிறது, அவர்கள் முகத்தில் இல்லை என்பதே.

சாகும் செல்களைப் பற்றியே இதுவரை பேசினோம். சாகாமல் தப்பும் செல்களை நினைத்தால்தான் இந்த இறப்புத் திட்டம் ஏன் இருக்கிறது என்பது விளங்கும். டி.என்.ஏ. பழுதான மேற்பரப்புச் செல் எப்படியும் சில நாளில் உதிர்ந்துவிடும். அது சற்று முன்னதாகச் சாவதால் கண்ணுக்கு இரண்டு நாள் வலியைத் தவிர நட்டமில்லை. கார்னியாவும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்களின் நிலை வேறு. வாழ்நாள் முழுவதும் எபிதீலியத்துக்குப் புதுச் செல்களை அனுப்பிக்கொண்டிருப்பவை அவையே. பழுதான மரபுச் செய்தியுடன் அவை பிழைத்துக்கொண்டால், அந்தப் பழுது அவற்றின் வழிவரும் செல்களுக்கெல்லாம் போகிறது. ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் கடலிலும் உழைப்பவர்களுக்கு, நம் ஊர் மீனவர்களிடமும் காண்பதுபோல, கண்ணின் ஓரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதற்கும், அரிதாக அதே விளிம்பில் புற்று தோன்றுவதற்கும் புற ஊதாக் கதிர் முக்கியமான காரணம் என்று கருதப்படுகிறது.

அந்தச் சதை பெரும்பாலும் மூக்கை ஒட்டிய ஓரத்திலிருந்தே ஏன் கிளம்புகிறது என்பதற்கு ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ ஒரு விளக்கம் தந்தார். நெற்றிப்பொட்டுப் பக்கமாகச் சாய்வாக வரும் கதிரை, வளைந்த கார்னியா ஒரு லென்சைப்போலக் குவித்து, எதிர்ப்புறத்தில் மூக்கை ஒட்டிய விளிம்பின் மீது பன்மடங்கு செறிவாக விழச் செய்கிறது. முன்பக்கம் மட்டும் மறைக்கும் சாதாரணக் குளிர்கண்ணாடி இந்தப் பக்கவாட்டுக் கதிரை அப்படியே விட்டுவிடும்; காது வரை வளைந்து மூடும் கண்ணாடியும், அகன்ற விளிம்புள்ள தொப்பியும் இங்கே கூடுதலாக உதவும்.